நடக்காத கூட்டத்துக்கு வராத என் அக்கா

1

நான் இப்ப சொல்லப் போறத ஊர்ல நீங்க நம்ப மாட்டீங்க. மெல்போர்னுக்கு வெளியே நாங்க குடியிருக்கிற இந்த நகரத்துல ஜனங்க கொஞ்ச நாளா ஒரே ஒரு விஷயத்துக்காக அடிச்சுக்கிறாங்க. ரோடு இல்ல, தண்ணி இல்ல, கரண்டு இல்ல. நகர மன்றம் மாசத்துக்கு ரெண்டு தடவ கூடணுமா, ஒரு தடவ கூடினா போதுமான்னுதான் சண்டை.

தபால் பெட்டியில ஒரு துண்டுப் பேப்பர் போட்டிருந்தாங்க. இதுவரைக்கும் மாசம் ரெண்டு கூட்டம், இனிமே ஒண்ணு போதும்னு ஒரு யோசனை வந்திருக்கு, உங்க கருத்து என்ன, சாயந்திரம் வந்து ஆளுக்கு மூணு நிமிஷம் பேசலாம்னு இருந்தது. பக்கத்து வீட்டுல ஒரு ரிட்டயர்டு தபால்காரர் இருக்கார். நல்லா இருக்கீங்களான்னு கேட்டாக்கூட தலைய மட்டும் ஆட்டற மனுஷன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அந்தப் பேப்பர ஆட்டி ஆட்டிக் கத்தினார். "இன்னிக்கு ஒண்ணும்பானுங்க, நாளைக்கு வருஷத்துக்கு ஒண்ணும்பானுங்க!"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் இங்க பால் பவுடர் பண்ற ஃபேக்டரியில ஃபிட்டர். அதுக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இரும்புக் கம்பி உருட்டற மில்லுல ஃபிட்டர். எங்க பேரூராட்சியோட பேர எழுத மாட்டேன், எழுதினா நாளைக்கே அக்கா வீட்டு வாசல்ல ஆள் நிப்பான். கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் நடுவுலன்னு வெச்சுக்குங்க. அங்கேயும் மாசம் ஒரு தடவ மன்றம் கூடணும்னு சட்டம் இருக்கு. கூடுதான்னு நம்மள்ல யாராவது கேட்டிருக்கோமா? நான் அங்க இருந்த வரைக்கும் கேட்டதே இல்ல. கவுன்சிலர்னா கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதறவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சிரிச்ச வாய மூடறதுக்குள்ள அக்கா போன் வந்தது.

2

"நைனா, என்னிய மெம்பர் பதவியிலேர்ந்து தூக்கறாங்கடா."

வசந்தா அக்கா அழுது நான் அதிகம் பாத்ததில்ல. அன்னிக்கும் அழல. ஆனா குரல் காஞ்சு போயிருந்தது.

"நோட்டீஸ் வந்துகீது. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரலியாம். அத்தொட்டு பதவி தன்னால போயிடுச்சாம்."

"நீ ஏன்கா போவல?"

"எங்கடா போறது? கூட்டம் நடந்தாத்தான போறதுக்கு!"

இத உங்களுக்கு வெவரமா சொல்லணும். அக்கா சிப்காட் கேட்டாண்ட இட்லிக் கடை போட்டிருக்கா. எங்க வார்ட பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கினப்ப தெருவுல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து அவள நிறுத்தினாங்க. கட்சி கிடையாது. கேட்டது ஒண்ணே ஒண்ணு, தண்ணி. எங்க தெரு போர்ல வர்ற தண்ணி குடத்துல பிடிக்கச் சொல்ல வெள்ளையா இருக்கும், அடுப்புல ஏத்தறதுக்குள்ள மஞ்சளாயிடும். பிள்ளைங்க ஸ்கூல் சட்டை பூரா பழுப்பு. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணியவே நல்ல தண்ணியா மாத்தி மெட்ராசுக்கு அனுப்பறாங்க, நாங்க கேன் வாங்கிக் குடிக்கிறோம். பெரிய லைன்லேர்ந்து எங்க தெருவுக்கு ஒரு கிளை இழுக்கணும், அதுக்கு மன்றம் தீர்மானம் போடணும். அதுக்காகத்தான் அக்கா ஜெயிச்சா.

எங்க மன்றம் கூடற விதத்தக் கேளுங்க. மாசக் கடைசியில ஆபீஸ் ஆள் ஒருத்தர் பைக்குல புத்தகத்த எடுத்துக்கினு ஒவ்வொரு மெம்பர் ஊட்டுக்கும் வருவார். ஒக்காந்து காபி குடிப்பார். கையெழுத்து வாங்குவார். கூட்டம் முடிஞ்சுது. அக்கா வீட்டுல அவகிட்டகூட கேக்க மாட்டார். எங்க மாமாகிட்ட, "சார், அம்மாவுது ஒரு கையெழுத்து" அப்படிம்பார். ஊர்ல மாமாவத்தான் கவுன்சிலர்னு கூப்பிடறாங்க. மாமா புத்தகத்த சமையக்கட்டுக்கு எடுத்துக்கினு போவார், அக்கா மாவுக் கைய முந்தானையில துடைச்சிட்டுப் போட்டுக் குடுப்பா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, இவளும் போட்டா.

ஒருநாள் தண்ணி லைன் என்னாச்சுன்னு கேக்கறதுக்கு ஆபீசுக்குப் போயிருக்கா. அங்க இருந்த இன்ஜினீயர் பையன், "இன்னாம்மா இது, உங்க வார்டுக்கு இப்போதைக்கு லைன் வேணாம்னு தீர்மானமே ஆயிருக்கே? நீங்களே ஒத்துக்கினு கையெழுத்து போட்டுக்கிறீங்களே" அப்படின்னு கேட்டானாம். அன்னிக்கு அவ சாப்பிடல. அதுலேர்ந்து புத்தகம் வந்தா ஒரே பதில். "கூட்டம் போடு, வரேன். ஊட்டுக்கு வந்தா காபி குடிச்சிட்டுப் போ."

கையெழுத்து இல்லன்னா வரலன்னு அர்த்தமாம். மூணு தடவ வரலன்னா பதவி காலியாம். அதிலயும் ஒரு விசேஷம். போன பதவிய அதே மன்றம் கூடி, மன்னிச்சு, திரும்பக் குடுக்கலாமாம். அதுக்குக் கூட்டம் நடக்கணுமே! நடக்காத கூட்டத்துக்கு வராததால போன பதவிய வாங்கறதுக்கு, நடக்காத இன்னொரு கூட்டத்துக்காக அவ காத்திருக்கணும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யக்கா, கையெழுத்தப் போட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல?" அப்படின்னு கேட்டேன். அவ போன வெச்சிட்டா.

3

வீட்டுல எனக்கு இன்னொரு சண்டை. என் பொண்ணு கயலுக்குப் பதினாறு வயசு. ஸ்கூல்ல இளைஞர் குழுன்னு ஒண்ணுல இருக்கா. அவங்க சார்பா இவ அந்த மூணு நிமிஷம் பேசப் போறாளாம். மாசம் ஒரு கூட்டமே போதும்னு!

கார்ல போறப்பதான் சொன்னா. "அப்பா, மீட்டிங் ராத்திரி வரைக்கும் இழுக்குது. சின்னக் குழந்தை இருக்கற அம்மா யாராவது கவுன்சிலர் ஆக முடியுமா? அதான் அங்க பூரா தாத்தாவா ஒக்காந்திருக்காங்க." இத நான் தமிழ்ல எழுதறேன். அவ சொன்னதுல அப்பாவும் தாத்தாவும்தான் தமிழ்.

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. "உங்க அத்தை ஒரே ஒரு கூட்டத்துக்காக அங்க செத்துப் பொழைச்சிக்கினு இருக்கா. நீ இருக்கிற கூட்டத்தக் கொறைக்கச் சொல்லிப் பேசப் போறியா?"

"அத்தை ப்ராப்ளம் எத்தனை மீட்டிங்ங்கறது இல்லப்பா. மீட்டிங்கே பொய். அதானே?"

வாஸ்தவம். வாஸ்தவம்ங்கறதாலதான் இன்னும் கோவம் வந்தது. தீர்மானம், மன்றம், ஜனங்க நம்பி ஓட்டுப் போட்டதுன்னு நான் ஆரம்பிச்சேன். "தீர்மானம்னா என்னப்பா?" அப்படின்னா. ரெசல்யூஷன்னு சொன்னேன். "ஓ, நியூ இயருக்கு எடுப்பாங்களே, அதுவா?" அவ கிண்டலுக்குக் கேக்கல. நெஜமாத்தான் கேட்டா. அவளுக்கு நம்ம ஊரு எவ்வளவு தூரம்னு எனக்கு அன்னிக்குத்தான் ஒறைச்சது. வண்டிய ஓரம் கட்டிட்டுக் கத்தினேன். அவ காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கினா. என் மனைவி ரெண்டு பேரையும் பாத்து, "ஊர்ல கூட்டமே நடக்கல, இங்க கார்ல ஒண்ணு நடக்குது" அப்படின்னா. யாரும் சிரிக்கல.

4

அக்கா ஒரு வக்கீலக் கேட்டிருக்கா. மூணுல ஒரு பங்கு மெம்பருங்க எழுதிக் குடுத்தா தலைவர் கூட்டம் போட்டாகணும்னு விதி இருக்குன்னு அவர் சொல்லியிருக்கார். பதினஞ்சு பேர்ல அஞ்சு பேர் வேணும். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னவ இப்ப கையெழுத்து கேட்டு ஊடு ஊடா ஏறி எறங்கினா.

கடையக் கட்டிட்டு, மத்தியானத்துல போவா. போற வழியில எனக்கு வாய்ஸ் அனுப்புவா. மூச்சு வாங்கறது கேக்கும். "நைனா, இந்த ஊட்டுல புருசன்காரன் வந்து அம்மா இல்லன்றான். உள்ள மிக்ஸி ஓடுது. வாசல்ல நின்னுக்கினே சட்னி அரைக்கிறாரா?" அடுத்த நாள், "இவரு போடறேன்னாரு, தலைவரு போன் பண்ணதும் கண்ணாடி காணோம்னு சொல்லிட்டாரு." நான் டிபன் டயத்துல அதக் கேட்டுக்கினு சாப்பாட்ட அப்படியே மூடி வெச்சிருக்கேன்.

மூணாவது வார்டு சரஸ்வதி மட்டும் பின்வாசலுக்குக் கூப்பிட்டாளாம். புருசன் கூடத்துல டிவி பாத்துக்கினு இருக்க, தண்ணித் தொட்டி மேல பேப்பர வெச்சு மடமடன்னு கையெழுத்துப் போட்டாளாம். "நான் போட்டேன்னு இங்க ஊட்டுல சொல்லாதக்கா. ஆபீஸ்ல சொல்லிக்க" அப்படின்னாளாம். அவ போட்டதுக்கு அப்புறம் இன்னும் நாலு பேர் போட்டாங்க.

அதுக்கப்புறம்தான் பேஜாரு ஆரம்பிச்சுது. இட்லிக் கடை முன்னாடி ரெண்டு பசங்க பைக்க நிறுத்திட்டு ஒண்ணும் வாங்காம ஒக்காந்தே இருந்தாங்களாம். மாமா சிப்காட்டுல லோடிங் சூப்பர்வைசர், கான்ட்ராக்டு வேலைதான். கான்ட்ராக்டர் அவரக் கூப்பிட்டு, "உங்க ஊட்டம்மாவ கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு" அப்படின்னிருக்கார். மாமா எனக்குப் போன் பண்ணார். எனக்கு அவர் இதுவரைக்கும் போன் பண்ணதே கெடையாது.

"மச்சான், நீ சொன்னாதான் கேப்பா. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை குடுப்பான்? சொல்லு மச்சான்."

நான் சொன்னேன். எல்லாம் போதும், விட்டுடுக்கான்னு கெஞ்சினேன்.

"ஏன்டா, அந்தக் கோடியில ஒக்காந்துக்கினு நீயே இப்படி பயந்தா, இங்க கீற நான் இன்னாடா பண்றது?" அப்படின்னா.

பயமா இருந்தது. இங்க இருந்து ஒண்ணும் கிழிக்க முடியாதுங்கற பயம். அது ஊர்ல இருக்கிறவங்க படற பயத்தவிட மோசம்.

5

கூட்டம் போட்டாங்க. இங்க நகர மன்றத்துல மூணு நிமிஷம் பேசற அதே நாள். எனக்குக் காலை ஷிஃப்ட் முடிஞ்சு, ஃபேக்டரி பார்க்கிங்ல கார்லயே ஒக்காந்தேன். ஊர்ல அப்ப காலை பதினோரு மணி.

அக்கா பக்கத்து வீட்டு சுமதி வீடியோ கால் போட்டா. தெருப் பொம்பளைங்க ஒரு பத்துப் பன்னெண்டு பேர் பின்னாடி பெஞ்சுல ஒக்காந்திருந்தாங்க. மெம்பருங்க எல்லாரும் வந்திருந்தாங்க. பொம்பளை மெம்பருங்க நாற்காலிக்குப் பின்னாடி அவங்கவங்க புருசனும் நின்னாங்க. ஒருத்தர், "போன் எல்லாம் எடுக்கக் கூடாது" அப்படின்னு சத்தம் போட்டார். சுமதி போன மடியில கவுத்திப் போட்டுக்கினா. அதுக்கப்புறம் எனக்கு இருட்டும் சத்தமும்தான்.

தலைவர் குரல் தேனா இருந்தது. "வசந்தாம்மா, நமக்குள்ள இன்னாத்துக்குக் கோவம்? ஒடம்பு சரியில்ல, அத்தொட்டு வரல, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி சொல்லும்மா. மன்றம் மன்னிச்சிடும். பதவி ஒன்னுதுதான்."

நான் கார்ல தனியா கத்தினேன். "சொல்லிடுக்கா! சொல்லிடு!" ஒரு வரி. சொன்னா எல்லாம் சரியாயிடும். மாமா வேலை இருக்கும், கடை முன்னாடி பைக் நிக்காது. கத்தும்போதே எனக்குப் புரிஞ்சுது. அந்த ஒரு வரியச் சொன்னா அந்தக் கூட்டமெல்லாம் நெஜமா நடந்ததா ஆயிடும். தண்ணி வேணாம்னு அவ சொன்னதும் நெஜமாயிடும். புரிஞ்சும் கத்தினேன்.

அக்கா குரல் கேட்டுது. "நான் வரல தலைவரே. ஒத்துக்கிறேன். வந்தவங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன மாசக் கூட்டத்துல இன்னா நாஷ்டா குடுத்தாங்க?"

உங்களுக்குத் தெரியும், நம்ம ஊர்ல நாஷ்டா இல்லாம எந்தக் கூட்டமும் கெடையாது. தீர்மானம் மறந்து போவும், தின்னது மறக்காது. ஒரு குரல் "போண்டா" அப்படின்னுது. அதே நேரத்துல இன்னொரு குரல் "சமோசா" அப்படின்னுது. கொஞ்சம் தள்ளி ஒருத்தர், "எனக்கு கேசரி வந்துச்சே?" அப்படின்னார். பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிப்பு அடங்கறதுக்குள்ள சரஸ்வதி சொன்னா. "எங்க ஊட்டுக்கு புக்கு மட்டும்தான் வந்துச்சு. காபி நாங்கதான் போட்டுக் குடுத்தோம்."

ஜெயிச்சிட்டாடா என் அக்கான்னு ஸ்டியரிங்க ஓங்கித் தட்டினேன்.

அப்பத்தான் தலைவர் வேகமா படிச்சார். "தீர்மானம் ஒண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும்." யாரோ "ஆல் பாஸ்!" அப்படின்னாங்க. மேசையத் தட்டற சத்தம் மட்டும் தடதடன்னு வந்தது. அடுத்து தேசிய கீதம். பாட்டு ஆரம்பிச்சா எழுந்து நிக்காம இருக்க முடியுமா? பொம்பளைங்களும் எழுந்து நின்னாங்களாம். பாட்டு முடியறதுக்கும் மெம்பருங்க வெளிய போறதுக்கும் சரியா இருந்ததாம். அக்காவோட பதவி காலிங்கறதும் அந்த முப்பத்தொண்ணுக்குள்ள இருந்தது. அலைஞ்சு திரிஞ்சு அவளே கூட்ட வெச்ச கூட்டம் அவள வெளிய அனுப்பிடுச்சு.

பாவிங்க.

6

சாயந்திரம் கயலக் கூட்டிக்கினு எங்க நகர மன்றத்துக்குப் போனேன். வழியில அத்தைக்கு நடந்ததச் சொன்னேன். அவ ஹெட்ஃபோன் மாட்டல.

பக்கத்து வீட்டுத் தபால்காரர் கோட்டு போட்டுக்கினு வந்து, மூணு நிமிஷமும் மேசைய முறைச்சே பேசினார். கயல் பேசினா. ஒரு கூட்டம் போதும்னுதான் பேசினா. கையில குறிப்பே இல்லாம, நிமிர்ந்து நின்னு பேசினா. எனக்குக் கோவமும் வந்தது, நம்ம பொண்ணான்னு பெருமையும் வந்தது.

என் பேரக் கூப்பிட்டாங்க, அதுவும் தப்பா. ரெண்டு கூட்டம் வேணும்னு எழுதி எடுத்துக்கினு போயிருந்தேன். படிக்க வரல. என் ஓட்டை இங்கிலீஷ்ல, "இன்னிக்கு எங்க ஊர்ல என் அக்காவ ஒரு கூட்டத்துல வெளிய அனுப்பிட்டாங்க. அவ தண்ணி கேட்டா" அப்படின்னு ஆரம்பிச்சேன். தண்ணி மஞ்சளாவறத வார்த்தை தேடித் தேடி வெளக்கிக்கினு இருந்தேன். மணி அடிச்சிட்டாங்க. கூட்டத்த நடத்தின தலைவரம்மா, "பரவால்ல, முடிங்க" அப்படின்னாங்க. முடிக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. நன்றி சொல்லிட்டு ஒக்காந்தேன். எல்லாரும் கை தட்டினாங்க, அது எனக்கு இன்னும் அசிங்கமா இருந்தது.

ஓட்டெடுப்புல ஒரு கூட்டம்னு முடிவாச்சு. கயல் கட்சி ஜெயிச்சுது. தபால்காரர் நாற்காலிய இழுத்து விட்டுட்டு எழுந்து போனார். அவர் மேல எனக்குப் பொறாமையா இருந்தது. தோத்தாரு, வீட்டுக்குப் போய் டிவி பாப்பாரு. நாளைக்கு அவர் வீட்டு முன்னாடி யாரும் பைக்க நிறுத்த மாட்டாங்க.

காருக்கு வந்ததும் கயல், "அத்தைகிட்ட பேசணும்" அப்படின்னா. போன் போட்டு அவகிட்ட குடுத்தேன். அங்க இன்னும் வெயில் சாயல. அக்காவச் சுத்தி ஒரே பேச்சுச் சத்தம்.

"அத்தை, எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதாம்மா கீறோம்."

"மீட்டிங் முடிஞ்சிருச்சே?"

"அவுங்குளுது முடிஞ்சிடுச்சு. போயிட்டாங்க. நாங்க போவல. அடுத்த கூட்டம் எப்பன்னு கேட்டோம், சொல்ல மாட்டேன்றாங்க. சொல்ற வரிக்கும் தெனம் வருவோம். காலைல சமைச்சி வெச்சிட்டு வந்து ஒக்காந்துக்குவோம், பொழுது சாஞ்சா போவோம்."

"தினமுமா?"

"தெனமும்தான். மெம்பரா இருக்கச் சொல்ல எனக்கு ஒரு நாற்காலிதான் குடுத்தாங்க. இப்ப வந்து பாரு, அத்தினி நாற்காலியும் நம்முளுதுதான்."

நான் குறுக்க பூந்து, "மாமா எங்கக்கா? மாமா என்ன சொல்றாரு?" அப்படின்னு கேட்டேன்.

"டீ வாங்கியாரப் போயிகீறாரு. வேலைக்கு வர வேணான்ட்டாங்களாம். பகல்ல சும்மாத்தான இருக்கேன், நானும் வரேன்றாரு. நாந்தான் பின்னாடி நிக்கக் கூடாது, ஒக்காருன்னு சொல்லிக்கிறேன்."

கயல் போன கெட்டியாப் பிடிச்சுக்கினு இருந்தா. அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டாங்க. கதவு சத்தம் கேட்டுது.

"தோ, சரஸ்வதி வந்துட்டா. முன்வாசல் வழியாவே வரா பாரேன்" அப்படின்னா அக்கா. "போன வெய்யிம்மா. கூட்டம் ஆரம்பிக்கப் போவுது."